தூதன் பேசாத பதினொரு நிமிடம்

தென்பகுதி வெள்ள எச்சரிக்கை ஒருங்கிணைப்பு நிலையத்தில், யாருக்கும் எதுவும் தெரியாமல் போக வழியே இல்லை என்ற உன்னத நிலை எட்டப்பட்ட ஆண்டில்தான், லாயாங் லாயாங் ஊரின் ஆறு, கரையோர வீடுகளுக்குள் வருவதென்று முடிவு கட்டியது.

நிலையம் இருந்தது செடெனாக்கில். மூன்று மாடி, அறுபத்தொரு ஊழியர்கள். கீழ்த்தளத்து மூலை அறையில், குளிரூட்டி சொட்டும் இடத்துக்கு நேர் கீழே, தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஆற்றங்கரைகளில் நிற்கும் பதினான்கு சைரன்களுக்கும் எப்போது கத்த வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் கணினி நிரல்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நிரல்களெல்லாம் ரெப்போ என்ற ஒரே களஞ்சியத்தில் இருந்தன. அதில் யாராவது ஒரு வரியை மாற்றினால், பக்கத்து நாற்காலியைப் பார்த்து, “மாத்திட்டேன்” என்று சொல்வார்கள். பதினைந்து வருடம் அப்படித்தான் நடந்தது. யாரும் சாகவில்லை.

பிறகு துணை இயக்குநர் ஜெயபாலன் மூன்று நாள் பயிற்சிக்கு ஒரு கடற்கரை ஹோட்டலுக்குப் போய்வந்தார்.

“தெரியாதுங்கற வார்த்தை இனிமே இந்த பில்டிங்ல இருக்கக்கூடாது” என்றார் திரும்பி வந்ததும். “ரெப்போல ஒரு கமா மாறினாலும் அது போன்ல அரட்டைச் சேனல்ல வரணும். எல்லாரும் பாக்கணும். கேட்டுல காவல் நிக்கிற ஜாகா உட்பட.”

“ஜாகாவுக்கு எதுக்கு சார் கமா?” என்று தனலெட்சுமி கேட்டாள்.

“அதான் சொல்றேன். இப்படிக் கேக்குற மனப்பான்மையே இருக்கக்கூடாது.”

ரெப்போவையும் அரட்டைச் சேனலையும் இணைக்கும் வேலை அவளுக்கே வந்தது. ஒரு மதியத்தில் முடித்துவிட்டாள். மாற்றம் நடந்தால் யார், எங்கே, எதற்காக என்று சேனலில் அறிவிக்கும் ஒரு சிறு நிரல். அதற்குத் ‘தூதன்’ என்று பெயர் வைத்தார் இயக்குநர் மரியநாதன். முதல் வாரம் எல்லாரும் அதை ‘அது’ என்றார்கள். இரண்டாம் வாரம் ‘அவன்’ ஆயிற்று. மூன்றாம் வாரம் சுற்றறிக்கை வந்தது, அன்றிலிருந்து ‘அவர்’.

அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது ஒழுக்கக்கேடு என்று அடுத்து முடிவாயிற்று. பார்த்தவர் பார்த்தேன் என்று எழுத வேண்டும். நம் நாட்டு அலுவலகங்களில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த அந்த வாசகத்தையே எழுத வேண்டும்: ‘நோட்டெட் வித் தேங்க்ஸ்.’ ஆக, தனலெட்சுமி ஓர் இடைவெளியை நீக்கினால் தூதன் ஒருமுறை அறிவிப்பார். அறுபது பேர் அறுபது முறை நன்றியோடு குறித்துக்கொள்வார்கள். கட்டடம் முழுவதும் போன்கள் ‘டிங், டிங்’ என்று, மழைக்கு முன் ஈசல் மொய்ப்பதுபோல் மொய்த்துக்கொண்டே இருக்கும்.

யார் எத்தனை வினாடியில் குறித்தார் என்று திங்கட்கிழமைகளில் வேகப்பட்டியல் ஒட்டினார்கள். பட்டியலுக்குப் பயந்து மனிதர்கள் செய்த சாகசங்களை நிலையம் இன்றும் பெருமையோடு சொல்லும். பல் பிடுங்கும் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஒருவர் குறித்தார். ஆவணப் பிரிவு சுகுமாறன் கூலாய் கோயிலில் தாலி கட்டும்போது தூதன் பேசினார். முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டையும் அக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்று கையை எடுத்துக் குறித்தார். எட்டு வினாடி. மணப்பெண் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் பட்டியலில் அந்த வாரம் அவர்தான் முதல்.

கூட்டங்களில் தூதனுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அதன் முன்னால், மூடி போட்ட ஒரு கிளாஸ் தண்ணீர். கூட்டம் முடிந்து எடுக்கும்போது தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்ததாகப் பேன்ட்ரிக்காரம்மா சத்தியம் செய்தாள்.

இப்படி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்த ஒரு நவம்பர் மாதத்தில், தனலெட்சுமி ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள்.

லாயாங் லாயாங் ஆற்றில் நீர்மட்டம் அளக்கும் கருவியைப் புதுப் பாலத்துக்கு மாற்றியிருந்தார்கள். புது இடம் பழையதைவிட ஒரு மீட்டர் உயரம். தண்ணீர் உண்மையில் ஆறு மீட்டர் ஏறினால் கருவி ஐந்து என்று காட்டும். சைரனோ ஆறு என்ற எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதாவது, சைரன் கத்தும்போது தண்ணீர் ஒரு மீட்டர் கூடுதலாக வந்திருக்கும். ஆற்றோர இரண்டு வரிசை வீடுகளில் அந்த ஒரு மீட்டர் எங்கே நிற்கும் என்று தனலெட்சுமிக்குத் தெரியும். முதல் வரிசை, நான்காம் வீடு, ஜன்னல் கம்பியின் மேல் பாதியில். அந்த வீட்டில் அவளுடைய அக்கா செல்லம் இருக்கிறாள். இரண்டு முழங்காலும் போன செல்லம். நாற்காலியில் இருந்து எழவே ஐந்து நிமிடம் வேண்டும்.

ஆறு என்பதை ஐந்தாக்க வேண்டும். ஒரே ஓர் எண். தனலெட்சுமி மாற்றி எழுதி, ஏற்புக்கு அனுப்பினாள். ரெப்போ பக்கத்தில் பச்சைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை ஜெயபாலன் மட்டும்தான் அழுத்தலாம். அழுத்தினால் முடிந்தது.

தூதன் அறிவித்தார்: ‘தனலெட்சுமி ஒரு மாற்றத்தை முன்வைத்துள்ளார். லாயாங் லாயாங் சைரன், ஆறுக்குப் பதில் ஐந்து. ஏற்புக்காகக் காத்திருக்கிறது.’

ஒன்பது வினாடியில் அறுபது பேரும் நன்றியோடு குறித்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் போயிற்று. பச்சைப் பொத்தான் அப்படியே இருந்தது. அவள் மாடியேறிப் போனாள்.

“அறுபது பேர் குறிச்சாச்சே தனம்” என்றார் ஜெயபாலன், போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி. “நூறு விழுக்காடு. இதுக்கு மேல என்னா வேணும்?”

“குறிச்சா போதாது சார். நீங்க ரெப்போவைத் திறந்து பொத்தானை அழுத்தணும்.”

“ரெப்போ எங்க இருக்கு?”

“கம்ப்யூட்டர்ல சார்.”

அவர் மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதன்மேல் மணிபிளாண்ட் படர்ந்திருந்தது.

“பாருங்க தனம், நான் தனியா ஒரு பக்கத்தைத் திறந்து, தனியா ஒரு பொத்தானை அழுத்துனா, அது என்னா ஆகும்? ரகசியம் ஆகும். நம்ம நிலையத்துல ரகசியம் கிடையாது. சேனல்ல போடுங்க.”

சேனலில் போட்டாள். ஒன்பது வினாடி. அறுபது நன்றி.

அந்த ஒன்பது வினாடி அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பிரவீனா பேறுகால விடுப்பில் இருக்கிறாள். ஓட்டுநர் ஒருவர் ஊரிலேயே இல்லை. அதெப்படி எல்லாருக்கும் ஒரே ஒன்பது வினாடி?

“அலமாக்! நீங்க இன்னும் கையாலயா போடுறீங்க?” என்று பக்கத்து நாற்காலி ஷர்மைன் வாயைப் பொத்திச் சிரித்தாள். “தானாப் போடுற மாதிரி எல்லாரும் செட் பண்ணி ஆறு மாசம் ஆச்சு லா. தூதன் பேசுனா போனே பதில் சொல்லிரும். நாங்க யாரும் சேனலைத் திறக்குறதே இல்ல. சத்தம் மட்டும் வரும், இல்லேன்னா மேல கேப்பாங்க.”

“அப்போ யாருதான் படிக்கிறாங்க?”

ஷர்மைன் யோசித்தாள். “நீங்க.”

அறுபது பேர் இருப்பதாக நினைத்துத் தனலெட்சுமி பேசிக்கொண்டிருந்த அறையில் ஆளே இல்லை. நாற்காலிகள் தலையாட்டிக்கொண்டிருந்தன.

நம்ப முடியாமல் ஒரு வெற்று மாற்றத்தை எழுதி அதன் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள். தூதன் அதை அறிவித்தார்: ‘இயக்குநர் மரியநாதன் காலமானார். அடக்கம் நாளை பிற்பகல் மூன்று மணிக்கு.’

முதல் ‘நோட்டெட் வித் தேங்க்ஸ்’ மரியநாதனிடமிருந்தே வந்தது. மூன்றாவது, ஜெயபாலனுடையது. துணை இயக்குநர் என்பதால் அவர் போன் கொஞ்சம் கூடுதலாகப் பேசும்: ‘நோட்டெட் வித் தேங்க்ஸ். நல்ல முயற்சி, தொடருங்கள்.’

டிசம்பரில் மழை பிடித்தது. மூன்று நாள், நின்று மூச்சு வாங்கவில்லை. நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்குச் செல்லம் போன் செய்தாள்.

“தனம், பின்கட்டுக்குத் தண்ணி வந்துருச்சுடி. கறுப்பா வருது. சத்தமே இல்லாம வருது.”

“அக்கா, கிளம்பு! பக்கத்து வீட்டுல சொல்லு, எல்லாரும் கிளம்புங்க!”

“சைரன் அடிக்கலையே?”

“அடிக்காது. நான் சொல்றேன்ல, கிளம்பு.”

“நீ சொல்லிருவ. போன வருசம் சைரனுக்கு முந்தியே கிளம்பி ஸ்கூல் மண்டபத்துக்குப் போனோம். அங்க காவல் இருக்குற ஜாகா என்னா சொன்னான்? சைரன் அடிக்காம சாவி கொடுக்கக்கூடாதுன்னு ஆர்டராம். மழையில நாலு மணி நேரம் நின்னோம். இப்ப கூப்புட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. அடிக்கட்டும்டி, போறோம்.”

தனலெட்சுமி கருவியைப் பார்த்தாள். ஐந்து புள்ளி ஒன்று. சைரன் ஆறுக்காக நிதானமாகக் காத்துக்கொண்டிருந்தது. மீட்புப் படகு வைத்திருப்பவர்களுக்குப் பேசினாள். “உங்க நிலையத்து எச்சரிக்கைப் பலகை எங்களுக்கு ஆபத்து இல்லேன்னு பச்சையா காட்டுதே மேடம்” என்றார்கள்.

ஜெயபாலனைத் தேடி மாடிக்கு ஓடினாள். அங்கே விழா நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஊழியர் விருதைத் தூதனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடை நாற்காலியில் ஒரு மாலை. மூடி போட்ட கிளாஸ். மரியநாதன் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒரு நாள் லீவு போட்டதில்ல. ஒரு எதிர்க்கேள்வி கேட்டதில்ல. தான் என்னா சொல்றோம்னு அவருக்கே தெரியாது. ஆனாலும் சொல்லாம விட்டதில்ல! ஒரு நிர்வாகிக்கு இதைவிட என்னா தகுதி வேணும்? நான் இந்த நாற்காலிக்கு வர இருபத்தாறு வருசம் ஆச்சு. அவர் ஒரே வருசத்துல வந்துட்டாரு. வெள்ளம் வரும், போகும். தகவல் போயிட்டே இருக்கணும். யாருக்குப் போகுதுங்கறது சின்ன விசயம்.”

கைத்தட்டல். தனலெட்சுமி குனிந்து வரிசைக்குள் நுழைந்து ஜெயபாலன் காதில் சொன்னாள்: “சார், அஞ்சு தாண்டிருச்சு. அந்தப் பொத்தான்.”

“சேனல்ல போடுங்கம்மா” என்றார் அவர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கீழே இறங்கி வந்தாள். சேனலில் போடவில்லை. தூதனை நிறுத்தினாள்.

அதற்குப் பெரிய பொத்தான் எதுவும் இல்லை. அவள் கட்டியது, அவளுக்கு அவிழ்க்கத் தெரியும்.

முதல் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி ‘டிங்’ எங்கோ மூன்றாம் மாடியில் கேட்டு அடங்கியது. இரண்டாம் நிமிடம், குளிரூட்டி சொட்டுவது கேட்டது. மழை கேட்டது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து அங்கே ஒரு சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அன்றுதான் எல்லாரும் அறிந்தார்கள். மூன்றாம் நிமிடம் மாடியில் யாரோ போனைத் தட்டினார். யாரோ அதை உதறினார். மரியநாதன் பேச்சை நிறுத்திவிட்டார். நான்காம் நிமிடம் ஒரு பெண் விம்மி அழும் சத்தம்.

பிறகு படிகளில் கால்கள். வெள்ளத்துக்கு வராத கூட்டம், தீ ஒத்திகைக்கு வராத கூட்டம், இயக்குநரின் அடக்கத்துக்கும் வராத கூட்டம், தனலெட்சுமியின் மேசையைச் சூழ்ந்தது. ஆறு மாதத்தில் முதன்முறையாக மனித முகங்கள்.

“தூதனுக்கு என்னா ஆச்சு?” மரியநாதன் குரல் கிழிந்திருந்தது.

“ஒரு மாற்றம் ஏத்துக்காம நிக்குது சார். அது நிக்கிறவரைக்கும் அவர் பேசமாட்டாரு.” வாழ்நாளில் அவள் சொன்ன முதல் அலுவலகப் பொய் அது. நன்றாகவே வந்தது.

“யார் ஏத்துக்கணும்?”

எல்லாரும் ஜெயபாலனைப் பார்த்தார்கள்.

“எங்க அழுத்தணும்? தனம், எங்க?” அவர் அவள் நாற்காலியில் விழுந்தார். விரல் திரையைத் தொட்டது. “இங்கயா?”

“அது என் மக படம் சார். கீழ, பச்சையா இருக்கே.”

சொந்தக் கணக்கில் நுழையக் கடவுச்சொல் வேண்டியிருந்தது. அது அவருக்கு நினைவில்லை. அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் பேசிக் கேட்டு, நான்கு முறை தப்பாக அடித்து, கடைசியில் அழுத்தினார். பதினோராவது நிமிடம்.

ஆறு ஐந்தாயிற்று. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஏற்கெனவே கத்தியிருக்க வேண்டிய சைரன், அந்த நொடியே கத்தத் தொடங்கியது. தனலெட்சுமி தூதனை எழுப்பினாள். ‘மாற்றம் ஏற்கப்பட்டது’ என்றார் அவர். அறுபது போன்களும் நன்றியோடு குறித்துக்கொண்டன. ஊழியர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுகுமாறன் மனைவிக்குப் போன் செய்து, ‘எல்லாம் சரியாயிடுச்சு’ என்றார். அவள் எதுவென்று கேட்கவில்லை.

லாயாங் லாயாங்கில் ஒருவரும் சாகவில்லை. செல்லத்தை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் விசாரணை.

“பதினொரு நிமிசம்” என்றார் மரியநாதன். மேசையின் மறுபக்கம் அவர், ஜெயபாலன், தூதனின் நாற்காலி. “பதினொரு நிமிசம் இந்த நிலையத்துல யாருக்கும் எதுவும் தெரியல. இதுக்கு நீங்க என்னா சொல்றீங்க?”

“நாப்பது குடும்பம் தப்பிச்சுது சார்.”

“அது வேற துறை.”

“சைரன் எண் தப்பா இருந்துச்சு சார். ஒரு மாசமா…”

“யாரு இல்லேன்னு சொன்னா? எங்களுக்குத் தெரியும். குறிச்சிருக்கோம். ரெண்டு தடவை.” அவர் தாளைப் புரட்டினார். “நான் செத்துட்டேன்கிறதைக்கூடக் குறிச்சிருக்கேன். என் மேல தப்பு சொல்ல முடியுமா?”

தண்டனை இலகுவாகவே இருந்தது. ரெப்போவில் இனி அவள் எதையும் மாற்ற முடியாது. சேனலில் மட்டும் இருப்பாள், வருவதைக் குறித்துக்கொள்வாள்.

ஆனால் மௌனம் மறுபடி வராமல் தடுக்க வேண்டுமே? ஒரு குழு கூடியது. அறிவிப்பு வந்து ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஓர் ஊழியர் குறிக்காவிட்டாலும், கட்டடமே அதிர ஓர் ஒலி எழ வேண்டும் என்று முடிவு செய்தார்கள். புதுக் கருவி வாங்கப் பதினான்கு மாதம் ஆகும். அதற்குள் ஜெயபாலனுக்கு ஒரு யோசனை.

“லாயாங் லாயாங் சைரன் இருக்கே. டிசம்பர்ல என்னா சத்தம்! சோதிச்சுப் பாத்த பொருள்.”

நிரலை ஷர்மைன் எழுதினாள். “நான் எழுதலேன்னா வேற ஆளு எழுதுவாங்க அக்கா” என்றாள், தனலெட்சுமியின் முகத்தைப் பார்க்காமல். எழுதி ஏற்புக்கு அனுப்பியதும் இரண்டே வினாடியில் பச்சைப் பொத்தான் அழுத்தப்பட்டுவிட்டது. இப்போது ஜெயபாலனுக்கு அது இருக்கும் இடம் தெரியும்.

ஜனவரி முதல் வாரம் இருவர் லாரியில் போய்ச் சைரனைக் கழற்றி வந்து செடெனாக் கட்டடத்து மொட்டைமாடியில் பொருத்தினார்கள். “சைரனுக்குப் பதிலா ஏதோ சேனல்ல சேரச் சொல்றானுங்கடி” என்றாள் செல்லம் போனில். “என் போன்ல பட்டனே பாதி இல்ல.”

ஜனவரி மூன்றாம் வாரம் மறுபடி மழை. புதன்கிழமை காலை பத்தரைக்குத் தூதன் பேசினார்: ‘லாயாங் லாயாங், கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.’ ஒன்பது வினாடியில் அறுபது போன்கள் குறித்தன. தானாகக் குறிக்கும் ஏற்பாடு இல்லாதவள் தனலெட்சுமி ஒருத்திதான். அவள் கட்டைவிரலை வைக்கப் போன நேரத்தில் செல்லம் கூப்பிட்டாள்.

“தனம், கட்டில் கால் வரைக்கும் வந்துருச்சுடி. எல்லாரும் சைரன் இருந்த கம்பத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அங்கதான் ஒண்ணும் இல்லையே! ஜாகா மண்டபத்தைத் திறக்கமாட்டேங்குறான். சைரன் எங்கங்குறான்.”

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு நிமிடம் முடிந்தது.

தலைக்கு மேலே சைரன் கத்தியது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. ஷர்மைன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்தாள்.

“அக்கா, கேக்கல! சத்தமாச் சொல்லு!”

“எனக்குக் கேக்குதுடி!” என்று வீறிட்டாள் செல்லம். “சைரன்! நம்ம சைரன் இல்ல அது? இரு இரு… டேய், யாராவது இந்த போனை ஸ்பீக்கர்ல போடுங்கடா!”

பிறகு அந்தப் பக்கத்தில் ஏதேதோ. ஒரு நாய். ஒரு குழந்தை. தண்ணீரில் கால்கள். ஓர் ஆணின் குரல், ஜாகாவாக இருக்க வேண்டும்: “சைரன்தான். ஆர்டர் ஆர்டர்தான், திறக்குறேன்!”

தனலெட்சுமி நாற்காலியின்மேல் ஏறி, போனைச் சைரன் பக்கமாகக் கூரைக்குத் தூக்கிப் பிடித்தாள். தூதன் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருந்தார்: ‘தனலெட்சுமி இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. தனலெட்சுமி இன்னும் குறித்துக்கொள்ளவில்லை.’ ஒவ்வொன்றையும் அறுபது போன்கள் நன்றியோடு குறித்துக்கொண்டன.

“குறிச்சிரு தனம்!” ஜெயபாலன் வாசலில் நின்று கையைக் கூப்பினார். “ஒரே ஒரு வார்த்தை. நின்னுரும்!”

படியில் மரியநாதனின் கனத்த காலடி இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

“முதல் வரிசை போயாச்சுடி” என்றது போன், மூச்சிரைக்க. “என்னையும் தூக்கிட்டாங்க. ரெண்டாவது வரிசைல இன்னும் பதினாறு வீடு இருக்கு. நிறுத்திடாத தனம்.”

“நிறுத்தல அக்கா” என்றாள் தனலெட்சுமி, மற்றொரு கையால் கதவின் தாழ்ப்பாளைக் காட்டி, ஷர்மைனைப் பார்த்து.

ஷர்மைன் ஒரு கணம் காதிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், ஜெயபாலனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.